ஹீலியோஸ் 44: பெயர் வளையத்தைக் கடைசியாகப் படியுங்கள்

கேள்வி இதுதான்: "முகப்படம் எடுப்பதற்காகப் பழைய சோவியத் ஹீலியோஸ் 44 லென்ஸ் ஒன்று வாங்க நினைக்கிறேன். தேடினால் 44, 44-2, 44-3, 44எம், 44எம்-4, 44எம்-6, 44எம்-7 என்று போய்க்கொண்டே இருக்கிறது. எண் கூடக் கூட நல்லது என்கிறார் ஒருவர், 44-2 தவிர எதையும் தொடாதே என்கிறார் இன்னொருவர். இவற்றுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்? விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் நானே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே அமைப்புதான்: 58 மி.மீ., எஃப் 2, நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். மாறுவது உடலும் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இயங்கும் விதமும். அப்பர்ச்சர் இதழ்களின் எண்ணிக்கை மாறும், கண்ணாடி மேல் இருக்கும் பூச்சு மாறும், ஆலை வைத்திருந்த தர வரம்பு மாறும். படத்தில் தெரியக்கூடிய வேறுபாடு இதழ்களிலும் பூச்சிலும்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு, நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அந்த லென்ஸை யார் யார் திறந்தார்கள், எப்படி மூடினார்கள் என்பதில் இருக்கிறது.

அடையாளம் காணும்போது முன்பக்கத்துப் பெயர் வளையத்தைக் கடைசியாகப் படியுங்கள். ரப்பர் ஒன்றை வைத்து அழுத்தித் திருகினால் அந்த வளையம் கழன்றுவிடும். ஒரு லென்ஸின் வளையம் இன்னொன்றில் ஏறியிருக்கலாம். உடலின் இயக்கத்தை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

இந்த லென்ஸ் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் குழப்பத்தில் பாதி தீரும். இதன் மூலம் ஜெர்மனியின் ஜேனா நகரில் இருந்த கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2. பயோட்டார் வரிசையை 1920களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்தவர் வில்லி மெர்டே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸைஸின் கருவிகளும் வரைபடங்களும் போர் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்கில் இருக்கும் இயந்திர ஆலை (சுருக்கமாகக் கே.எம்.இசட்.) அதைத் தங்கள் கண்ணாடி வகைகளுக்கு ஏற்பக் கணக்குப் போட்டு உருவாக்கியது. முதலில் பி.டி.கே. என்ற பெயரில் சிறிய அளவில் வந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஹீலியோஸ் 44 ஆனது. 50 என்ற வட்டமான எண்ணை விட்டுவிட்டு ஏன் 58 என்று பலர் கேட்பதுண்டு. எஸ்.எல்.ஆர். கேமராவில் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுப்பது) லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் விட வேண்டும். இரட்டை காஸ் எனப்படும் அன்றைய இந்த ஆறு கண்ணாடி அமைப்பில் எஃப் 2 வெளிச்சத்தோடு அந்த இடத்தையும் விடுவதற்குக் குவியத்தூரத்தைக் கொஞ்சம் நீட்டுவதுதான் எளிய வழியாக இருந்தது. முகப்படத்துக்கு அது தற்செயலாக வாய்த்த வசதி.

ஹீலியோஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சோவியத் ஆலைகள் இந்தப் பெயரை வேறு பல லென்ஸ்களுக்கும் வைத்தன. ஹீலியோஸ் 40 என்பது 85 மி.மீ. எஃப் 1.5, கனமான வேறொரு லென்ஸ். 103 என்பது 53 மி.மீ., கீவ் ரேஞ்ச்ஃபைண்டருக்கானது (லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா). 81 என்பது 50 மி.மீ. நமக்கு வேண்டியது 44 என்ற எண்ணும் 58 மி.மீ. என்ற அளவும் சேர்ந்து வரும் லென்ஸ்.

இனி லென்ஸைக் கையில் எடுங்கள். மவுண்ட் பக்கத்தை, அதாவது கேமராவில் மாட்டும் பின்பக்கத்தைத் திருப்பி மரையின் உள்விளிம்பைப் பாருங்கள். சிறு உலோக முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு, விரலால் அழுத்தினால் உள்ளே போய் விட்டால் திரும்பி வருகிறதா? வந்தால் அது தானியங்கி அப்பர்ச்சர் உள்ள "எம்" வரிசை. முனை எதுவும் இல்லாமல் வெறும் மரையாக இருந்தால் பழைய 44, 44-2, 44-3 மூன்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையிலேயே மொத்தக் கூட்டமும் இரண்டாகப் பிரிந்துவிடும். படத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின்பக்கப் படம். முன்பக்கம் பளபளவென்று ஐந்து படம் போட்டு, பின்பக்கம் ஒன்றுகூடப் போடாதவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

முனை இல்லாத மூன்றும் "பிரீசெட்" முறையில் இயங்குபவை. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் லென்ஸ் கெட்டுவிட்டது என்றே நினைக்கிறார்கள். முன்னால் அடுத்தடுத்து இரண்டு வளையங்கள் இருக்கும். எண்கள் உள்ள வளையம் ஒவ்வொரு அளவுக்கும் டக் டக் என்று நிற்கும். அதை எஃப் 8இல் வைத்தாலும் உள்ளே இதழ்கள் அசையாது. அது எல்லையை மட்டும் குறிக்கிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு வளையம் நிறுத்தங்கள் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். இதழ்களைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். ஆனால் முதல் வளையம் குறித்த எஃப் 8ஐத் தாண்டி மூடாது. முழுவதும் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் இரண்டாவது வளையத்தை நிற்கும் வரை திருப்பிப் படம் எடுக்கலாம். அன்றைக்கு அதற்காகத்தான் செய்தார்கள். இன்று வீடியோ எடுப்பவர்கள் இதே வளையத்தை வேறு காரணத்துக்காக விரும்புகிறார்கள். எண் வளையத்தை எஃப் 16இல் விட்டுவிட்டால் மற்றது ஓசையில்லாமல், படியில்லாமல் முழு வீச்சுக்கும் ஓடும்.

மூன்றில் மூத்தது வெறும் "44". பெரும்பாலும் வெள்ளி நிற அலுமினிய உடல். இதன் தொடக்க கால வடிவங்களில் அப்பர்ச்சர் இதழ்கள் 13, பின்னால் வந்தவற்றில் 8. பதின்மூன்று இதழ் உள்ளதை எந்த அளவுக்கு மூடினாலும் துளை ஏறத்தாழ வட்டமாகவே இருக்கும், சேகரிப்பவர்கள் அதற்காகவே தேடுகிறார்கள். முன் வளையத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு எழுத்து தெரியும், நம் "ப"வைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல. ரஷ்ய எழுத்து அது, கண்ணாடிக்குப் பூச்சு போடப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி. கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், அபூர்வம் என்று சொல்லி யாராவது விலை ஏற்றினால் அதையும் நம்பாதீர்கள். அந்தக் காலத்துச் சோவியத் லென்ஸ்கள் பலவற்றில் அந்தக் குறி உண்டு.

இந்த வெள்ளி 44இல் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது இதில்தான். இதன் மரை 39 மி.மீ. விட்டம். பழைய லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் மரையும் 39 மி.மீ.தான். ஆகவே "எம்39 லென்ஸ், எம்39 அடாப்டர்" என்று இரண்டையும் தனித்தனியாக வாங்குகிறார்கள். திருகினால் அழகாகப் பொருந்தும். ஆனால் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. லைக்கா மரையில் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. இந்த லென்ஸ் செய்யப்பட்ட சோவியத் கேமராவான ஸெனித் எஸ்.எல்.ஆரில் அதே தூரம் 45.2 மி.மீ. இடையில் 16.4 மி.மீ. குறைகிறது. 58 மி.மீ. லென்ஸின் ஃபோகஸை முடிவிலியிலிருந்து (வெகுதூரத்திலிருந்து) அரை மீட்டர் வரை கொண்டுவருவதற்கே 10 மி.மீ.க்கும் குறைவாகத்தான் முன்னால் நகர்த்த வேண்டும். ஆகவே ஃபோகஸ் வளையத்தை எவ்வளவு திருகினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. தீர்வு எளிது: 39இலிருந்து 42க்கு மாற்றும் மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் எம்42 (42 மி.மீ. மரை) அடாப்டரைப் பயன்படுத்துங்கள். எம்42இன் தூரம் 45.46 மி.மீ., ஸெனித்துக்கு மிக அருகில். 44இலேயே "ஸ்டார்ட்" என்ற கேமராவுக்காகச் செய்யப்பட்ட பயோனெட் (திருகாமல் செருகித் திருப்பிப் பூட்டும்) வடிவம் ஒன்றும் உண்டு. அதில் மரையே இருக்காது, பக்கவாட்டில் அப்பர்ச்சரை மூடும் பொத்தான் கை நீட்டியிருக்கும். முதல் ஹீலியோஸாக அதை வாங்காதீர்கள், அடாப்டர் தேடியே பொறுமை போய்விடும்.

44-2 பற்றி அதிகம் பேசப்படுவதால் உண்மையில் சொல்ல வேண்டியது குறைவு. கறுப்பு உடல், எம்42 மரை, எட்டு இதழ்கள், எஃப் 2 முதல் 16 வரை, அரை மீட்டர் வரை கிட்ட ஃபோகஸ், முன்னால் 49 மி.மீ. ஃபில்டர் மரை. ஸெனித் இ என்ற கேமரா 30 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது, 1960களின் பிற்பகுதியில் அது எம்42க்கு மாறிய பிறகு அதனோடு பெட்டியில் வந்தது பெரும்பாலும் இந்த லென்ஸ்தான். இன்று உலகெங்கும் இவ்வளவு கிடைப்பதற்கு அதுவே காரணம். தேவைக்கு ஈடுகொடுக்க கே.எம்.இசட். தவிர வால்டாயில் இருந்த ஜூபிட்டர் ஆலையும் மின்ஸ்க் நகரத்து ஆலையும் செய்தன. கே.எம்.இசட். முத்திரை எளிதில் தெரியும்: சரிவகமான ஒரு பட்டகம், அதை ஊடுருவிப் போகும் ஒரு ஒளிக்கதிர். "கே.எம்.இசட். மட்டுமே வாங்கு, மற்றவை மட்டம்" என்பார்கள். நான் அதை அப்படியே ஏற்பதில்லை. ஒரே ஆலையில் வந்த இரண்டு லென்ஸ்களுக்குள்ளேயே, அதுவும் இத்தனை ஆண்டு கழித்து, இருக்கும் வேறுபாடு ஆலைகளுக்கு நடுவே சொல்லப்படும் வேறுபாட்டைவிடப் பெரியது.

தயாரிப்பு ஆண்டு அறிவது சுலபம். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. 76இல் தொடங்கினால் 1976. விதிவிலக்கு ஒன்று: 1960களில் சில காலம் பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள் அடித்தார்கள், அவற்றில் ஆண்டைத் தேட வேண்டாம். பெயர் ரஷ்ய எழுத்தில் இருந்தால் உள்நாட்டு விற்பனைக்கு, லத்தீன் எழுத்தில் இருந்தால் ஏற்றுமதிக்கு. உள்ளே கண்ணாடி ஒன்றே.

44-3ஐ முனை இல்லாமை, இரட்டை வளையம், எட்டு இதழ் ஆகியவற்றை வைத்து 44-2 என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிரித்துக் காட்டுவது பூச்சு. இது மின்ஸ்க் ஆலையில் பல அடுக்குப் பூச்சோடு வந்தது, முன் வளையத்தில் "எம்.சி." என்று இருக்கும். வளையத்தை நம்பாமல் சோதிக்க வேண்டுமானால், ஜன்னலுக்கோ விளக்குக்கோ எதிரே லென்ஸைச் சாய்த்து, கண்ணாடியில் விழும் பிரதிபலிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒரு சிறு வெளிச்சப் புள்ளியைத் திருப்பி அனுப்பும். எல்லாம் ஊதா அல்லது வெளிர் மஞ்சள் சாயலிலேயே இருந்தால் ஒற்றைப் பூச்சு. நடுவே பச்சை, ஆழ்ந்த சிவப்பு என்று நிறங்கள் கலந்து, புள்ளிகள் மங்கலாகவும் இருந்தால் பல அடுக்குப் பூச்சு. பிரீசெட் இயக்கமும் பல அடுக்குப் பூச்சும் சேர்ந்து வருவதால் 44-3 எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. பேச்சில் அதிகம் அடிபடாத லென்ஸ் என்பதும் வாங்குபவருக்கு ஒரு நன்மைதான்.

முனை உள்ள "எம்" வரிசைக்கு வருவோம். இங்கே முதல் கேள்வி, உடலின் பின்பகுதியில் "ஏ – எம்" என்று தள்ளும் சிறு ஸ்விட்ச் இருக்கிறதா என்பது. இருந்தால் 44எம், எட்டு இதழ்கள். ஸ்விட்ச் இல்லாமல் ஆறு இதழ்கள் இருந்தால் 44எம்-4 அல்லது அதற்குப் பின் வந்தது. இரண்டு வகைக்கும் முன்பக்க ஃபில்டர் மரை 52 மி.மீ. இந்த ஸ்விட்ச் விஷயம் வெறும் அடையாளம் மட்டும் இல்லை. மிரர்லெஸ் கேமராவில் மாட்டும்போது 44எம்மை "எம்" பக்கம் தள்ளிவிட்டால் இதழ்கள் வளையத்தோடு சேர்ந்து திறந்து மூடும். 44எம்-4 முதல் 44எம்-7 வரை அந்த வழி கிடையாது. முனையை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் இதழ் மூடும். ஆகவே உள்ளே விளிம்பு வைத்து முனையை நிரந்தரமாக அழுத்தும் வகை எம்42 அடாப்டர் தேவை. விளிம்பில்லாத அடாப்டர் வாங்கிவிட்டு, "எஃப் 16 வைத்தாலும் எஃப் 2 போலவே வருகிறது, லென்ஸ் பழுது" என்று திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம். பழுது எதுவும் இல்லை.

44எம்-4, 5, 6, 7 ஆகியவற்றை உடலை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். இங்கே கடைசி எண் ஆலையின் தர வரம்பைச் சொல்கிறது. ஒரு மி.மீ.க்குள் எத்தனை கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது என்பது அளவு. 44எம்-4க்கு மையத்தில் 38, ஓரத்தில் 20. 44எம்-5க்கு 41, 20. 44எம்-6க்கு 45, 25. 44எம்-7க்கு 50, 30. பழைய 44-2க்கும் 38, 20தான் வரம்பு. எண் கூடினால் கூர்மை கூடும் என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது, பொய்யில்லை. ஆனால் இவை குறைந்தபட்ச வரம்புகள். 44எம்-4 ஒன்று தன் வரம்பைத் தாண்டி நன்றாக வந்திருக்கலாம். ஆலையில் வரம்பைத் தாண்டிய 44எம்-7, பின்னால் யாரோ பிரித்துத் தப்பாகப் பூட்டியதில் அந்தக் கூர்மையை இழந்திருக்கலாம். அதோடு, முழுவதும் திறந்து முகப்படம் எடுப்பவருக்கு ஓரத்தில் 20 கோடா 30 கோடா என்பதில் என்ன இருக்கிறது? ஓரத்தில் இருப்பது எப்படியும் ஃபோகஸுக்கு வெளியே. 44எம்-7க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்த எண்ணுக்குத்தான் போகிறது. பெயர் வளையம் மாற்றும் வேலையும் இந்த நான்குக்குள்தான் நடக்க வசதி, ஏனென்றால் உடல்கள் ஒன்று போலவே இருக்கும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: 44எம்-7 என்று எழுதியிருந்து, பிரதிபலிப்புகள் எல்லாம் ஒற்றைப் பூச்சின் ஊதாவாகவே இருந்தால், வளையம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

44கே-4 என்றும் ஒன்று கண்ணில் படலாம். பென்டாக்ஸ் கே பயோனெட்டுக்கானது, மரை இருக்காது. பென்டாக்ஸ் உடல் வைத்திருப்பவர்களுக்கு நல்லது, மற்றவர்கள் கடந்து போகலாம்.

சரி, படத்தில் என்ன தெரியும்? எஃப் 2இல் எல்லா வடிவங்களும் ஏறத்தாழ ஒரே படத்தைத்தான் தரும். ஹீலியோஸ் என்றாலே எல்லோரும் கேட்கும் சுழல் பின்னணி, கண்ணாடி அமைப்பிலிருந்து வருவது, ஆகவே எல்லாவற்றிலும் உண்டு. படத்தின் ஓரத்துக்குப் போகும் ஒளியை லென்ஸ் குழாயின் விளிம்புகள் இரு பக்கமும் வெட்டுவதால், ஓரத்தில் விழும் வெளிச்சப் புள்ளிகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் போல ஒடுங்கும். அந்த ஒடுக்கம் எல்லாப் பக்கமும் மையத்தைச் சுற்றியே திரும்பி நிற்கும். அதோடு ஓரங்களில் இந்த அமைப்புக்கு இருக்கும் பிறழ்ச்சியும் (ஒளி ஒரே புள்ளியில் சேராத குறை) சேர்ந்து, மங்கலான பின்னணி முகத்தைச் சுற்றிச் சுழல்வது போலத் தோன்றுகிறது. சுழல் வரவில்லை என்று லென்ஸை மாற்றுவதற்கு முன் தூரத்தை மாற்றிப் பாருங்கள். ஆளை ஒன்றரை முதல் இரண்டு மீட்டரில் நிறுத்தி, பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இலைகளுக்கு இடையே வானம் சிறு சிறு புள்ளியாகத் தெரியும் மரமோ புதரோ இருக்க வேண்டும். வெறும் சுவரின் முன்னால் எந்த ஹீலியோஸும் சுழலாது. ஏ.பி.எஸ்.சி. சென்ஸார் (ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது) உள்ள கேமராவில் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடுவதால் பாதிச் சுழல் அங்கேயே போய்விடும். "44-2இல்தான் சுழல் வருகிறது, என் 44எம்-6இல் வரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலும் சென்ஸாரோ பின்னணியோதான் வேறாக இருக்கிறது.

எஃப் 2.8க்கு மூடியவுடன் வடிவங்கள் பிரியத் தொடங்கும். ஆறு இதழ் உள்ளதில் வெளிச்சப் புள்ளிகள் அறுகோணமாகும். எட்டு இதழில் மூலைகள் மழுங்கியிருக்கும். பதின்மூன்றில் மூலையே தெரியாது. இரவில் விளக்குகளைப் பின்னணியாக வைத்து எஃப் 2.8, எஃப் 4 என்று பயன்படுத்துபவர் என்றால் இந்த வேறுபாட்டுக்குக் கொஞ்சம் யோசிக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது பூச்சு பேசும். ஒற்றைப் பூச்சு உள்ள 44-2இல் சூரியன் சட்டகத்தின் ஓரத்தில் இருந்தாலே கறுப்புகள் வெளிறி, படம் முழுக்க ஒரு மென்மையான பால் படலம் பரவும். எம்.சி. உள்ளவற்றில் அது கணிசமாகக் குறையும். எது நல்லது என்பது உங்கள் விருப்பம். அந்தப் படலத்துக்காகவே 44-2 வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் எம்.சி. சிறந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வடிவத்தைக் கண்டுபிடித்த பிறகு, பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தனி லென்ஸைச் சோதியுங்கள். இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 44-2, 44-3 இரண்டிலும் இதழ்களைக் கையால் திருப்புகிறோம், ஆகவே கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் வேலை நடக்கும். எம் வரிசையில் இதழ்களை மூடுவது மெல்லிய ஸ்பிரிங். அங்கே எண்ணெய் இருந்தால் இதழ் மந்தமாக மூடும், ஃபிலிம் கேமராவில் ஷட்டர் திறந்த பிறகு வந்து சேரும். வளையத்தை எஃப் 16இல் வைத்து முனையைப் பலமுறை வேகமாக அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு, உடனே மூட வேண்டும்.

அடுத்தது முடிவிலி. தூரத்தில் இருக்கும் கட்டடத்தையோ நிலவையோ ஃபோகஸ் செய்து, அளவுகோல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஃபோகஸ் மரை பல தொடக்கங்கள் கொண்டது, அதாவது திருகத் தொடங்கப் பல இடங்கள் இருக்கும். கெட்டியான பழைய கிரீஸை மாற்ற வீட்டில் பிரித்தவர், திரும்பப் பூட்டும்போது வேறு தொடக்கத்தில் ஏற்றிவிட்டால் முடிவிலி கிடைக்காது, அல்லது வெகுமுன்பே வந்துவிடும். கேமராவும் காரணமாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். நிக்கான் எஃப் மவுண்டின் தூரம் 46.5 மி.மீ., எம்42ஐவிட அதிகம். உள்ளே திருத்தும் கண்ணாடி இல்லாத அடாப்டரில் எந்த எம்42 லென்ஸும் அங்கே முடிவிலியைத் தொடாது. கேனான் இ.எஃப். 44 மி.மீ. என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவதாக, படத்தின் நடுவைத் தவிர மற்ற இடமெல்லாம் விபரீதமாகக் குழைந்து, மாவில் எண்ணெய் விட்டது போல வந்தால், முன் கண்ணாடியை யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள், அந்தக் குழைவுக்கு ரசிகர்கள் உண்டு. நீங்கள் கேட்டு வாங்கினால் சரி, சொல்லாமல் விற்றால் சரியில்லை. உடல் சிவப்பு, வெள்ளை, தங்கம் என்று கண்கவர் நிறத்தில் இருந்தாலும் அது ஆலையின் தனி வெளியீடு என்று நம்ப வேண்டாம். மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள், பூசுவதற்காக முழுவதும் பிரித்தும் இருக்கிறார்கள். அதற்கான எல்லாச் சோதனையும் இன்னும் கடுமையாகச் செய்யுங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை போன்ற பூஞ்சை தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், இதே லென்ஸ் இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறது. ஓரிரு தூசித் துகள்களையும் முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலையும் கண்டு பயப்பட வேண்டாம், எஃப் 2இல் அவை படத்தில் தெரியாது.

நீங்கள் எந்தக் கேமராவில் மாட்டப்போகிறீர்கள் என்று சொல்லவில்லை. முழு சட்டக மிரர்லெஸ் என்றால் 44-3 கிடைத்தால் 44-3, இல்லையென்றால் சுத்தமான 44-2. இரண்டுக்கும் சாதாரண எம்42 அடாப்டர் போதும். எம்42 ஃபிலிம் கேமராவில் மாட்டி, வேகமாக நடமாடும் ஆட்களை எடுக்கப்போகிறீர்கள் என்றால் தானியங்கி அப்பர்ச்சர் உண்மையிலேயே உதவும். அங்கே 44எம்-4 வாங்குங்கள், 6க்கும் 7க்கும் கூடுதல் பணம் வேண்டாம். வெள்ளி 44ஐ இரண்டாவதாக வாங்குங்கள். வாங்கும்போது மறக்காமல் அந்த 39–42 வளையத்தையும் சேர்த்துக் கேளுங்கள், விற்பவரிடம் பெரும்பாலும் ஒன்று கிடக்கும்.